கை படாத பொருளில் பவளம்

எங்கள் அடுக்குமாடியில் பவளம் முளைத்த வருடம் கரூரில் மழையும் ஒழுங்காகப் பெய்யவில்லை, மாங்காயும் ஒழுங்காகக் காய்க்கவில்லை, ஆனால் அதைப் பற்றியெல்லாம் யாரும் என்னிடம் கேட்பதில்லை, பவளத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள், எந்த நிறம், எத்தனை உயரம், மோதிரத்தில் பதிக்கலாமா என்று. நான் சொல்லப்போவது அதை அல்ல. இருபத்தோரு வருடமாகத் தினமும் காலை ஆறு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்த காளீஸ்வரியை நான் எப்படி இழந்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன், நடுவில் பவளமும் வரும், மீனும் வரும், உப்பும் வரும், பொறுமை இல்லாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் பெயர் தெய்வானை. சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள், முந்நூறு பிள்ளைகளின் சாம்பாருக்கு உப்புப் பார்த்த நாக்கு என்னுடையது. வீட்டுக்காரர் போய்ப் பத்து வருடம் ஆகிறது, மகன் கனடாவில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போனில் வருவான். மற்ற நாட்களில் என் வீட்டுக்குள் வந்து போகிற ஒரே மனுஷி காளீஸ்வரிதான். அவள் எங்கள் பிளாக்கில் பன்னிரண்டு வீட்டுக்கும் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் கழுவினாள், ஆனாலும் முதலில் வருவது என் வீட்டுக்குத்தான், அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

எதிர்வீட்டுக் குழந்தைவேலுவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் கண்ணாடி பொருத்துகிற மேஸ்திரி. எங்கள் பக்கத்தில் அந்த வயதில் பெண் கிடைக்காமல் நிற்கிற ஆண்கள் தெருவுக்கு நாலு பேர், அதில் அவனும் ஒருவன். கட்டி முடித்த பஸ்ஸை ஒப்படைக்க ராமேஸ்வரம் போனவன், அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏறிச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, "அக்கா, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் கடலு, நடுவுல இத்தனூண்டு கண்ணாடிங்க்கா" என்று விரலை இடுக்கிக் காட்டினான், அதோடு ஆளே மாறிப்போனான். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்துக்குக் கண்ணாடி அறுத்து, பஸ்ஸுக்குப் போடுகிற பசையைப் போடக்கூடாது என்று யாரோ சொல்ல, சென்னையிலிருந்து வேறு பசை வரவழைத்து ஒட்டி, தண்ணீர் நிரப்பிக் கீழே செய்தித்தாள் விரித்து, மூன்று நாள் அந்தத் தாளில் ஒரு சொட்டு ஈரம் தெரிகிறதா என்று குப்புறப் படுத்துப் பார்த்தான்.

அப்புறம் மூட்டை மூட்டையாக உப்பு வந்தது, சமையல் உப்பல்ல, கடலில் இருக்கிற சத்தையெல்லாம் கலந்த உப்பு. அதைப் பெரிய டிரம்மில் கரைத்து, கருவியில் அளந்து, தொட்டியில் ஊற்றி, துளை துளையாக இருந்த கல்லை உள்ளே அடுக்கி, இரண்டு பக்கமும் மாறி மாறி அலை தள்ளுகிற மோட்டாரை மாட்டி, அழுக்கை நுரையாக்கி வெளியே எடுக்கிற குழாயை மாட்டி, நீல விளக்கைப் போட்டான். மீன் எங்கே என்று கேட்டால், "ஆறு வாரம் ஆகுமுங்க்கா, கல்லுல உயிர் புடிக்கோணும், அதுவரைக்கும் சும்மா பார்த்துட்டு இருக்கோணும்" என்றான். வெறும் கல்லுக்கு லைட்டுப் போட்டு வைத்திருக்கிறானே இவன் என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். முதலில் கல்மேல் காப்பி நிறத்தில் ஏதோ படிந்தது, அப்புறம் பச்சையாகப் பாசி வந்தது, அப்புறம் அதுவும் போய்த் தண்ணீர் தெளிந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெண்வீட்டார் அந்த ஆறு வாரத்துக்குள் வந்துவிட்டார்கள், நீல வெளிச்சத்தில் கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துவிட்டு, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். பாவம், அவனுக்கு அது வருத்தமாகக்கூடத் தெரியவில்லை.

ஆறு வாரம் கழித்து ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன் வந்தது, பாசி தின்கிற நத்தை வந்தது, கடைசியில் பண்ணையில் வளர்த்த பவளத் துண்டு ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவில், வந்தது. அதைச் செடி என்றேன், அவன் அது பிராணி என்றான், சரி அப்பனே என்று விட்டுவிட்டேன்.

காலை ஏழு மணிக்குப் பட்டறைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவான். எங்கள் ஊர் வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் ஒரு நாளில் அரைக்குடம் ஆவியாகிப் போய்விடும், யாராவது ஊற்றியாக வேண்டும். அந்த வேலையைக் காளீஸ்வரி எடுத்துக்கொண்டாள். தண்ணீர் எதுவரை நிற்க வேண்டும் என்பதற்குத் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவைத்தாள், பொட்டுக்குக் கீழே இறங்கினால் ஊற்றுவாள். கவிழ்ந்து கிடக்கிற நத்தையைத் தண்ணீருக்குள் கையை விட்டு நிமிர்த்திவைப்பாள். மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினாலும் அடுத்த வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறவளுக்குக் கேட்டுவிடும். அவனைவிட அவள்தான் அந்தத் தொட்டியை நன்றாக அறிந்தவள் என்று அவனே சொல்வான்.

பவளம் வெளியே வந்தது ஆனி மாதத்தில். முதலில் இரண்டாம் மாடியில், ஒரு வீட்டு மாப்பிள்ளை வாங்கிவைத்துத் தொடாமலேயே கிடந்த டம்பெல்ஸில், ஊதா நிறத்தில் ஒரு மொட்டு. அடுத்த நாள் ஒருவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில், அப்புறம் ஒரு வீணையின் குடத்தில், அப்புறம் மகள் பெங்களூரிலிருந்து அனுப்பிய கால் அமுக்குகிற மெஷினில். தண்ணீரும் இல்லை, உப்பும் இல்லை, காற்றிலேயே வாய் திறந்து வாய் மூடிக்கொண்டு, தொட்டியில் இருப்பது போலவே அது வளர்ந்தது. எங்கள் போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அதனால்தான் என்றார்கள் சிலர், நாலு நாள் அதைப் பற்றி வாதாடிவிட்டு விட்டுவிட்டோம், ஏனென்றால் சமையல் ஆக வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஒடித்துப் பார்த்தோம், ஒடித்த துண்டு விழுந்த இடத்தில் இன்னொன்று வந்தது. நகைக்கடைக்காரர் ஒருவர் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, "இது கல்லு இல்லீங்க, உயிரு" என்று எழுந்து போனார்.

சங்கச் செயலாளர் நல்லதம்பிதான் கணக்கைக் கண்டுபிடித்தார். எந்தப் பொருளின்மேல் ஏழு நாள் மனுஷக் கை படவில்லையோ அதில் முளைக்கிறது, கை பட்டுக்கொண்டே இருந்தால் முளைப்பதில்லை. அதை அவர் தாளில் எழுதி லிஃப்டில் ஒட்டினார், அன்றிலிருந்து எங்கள் பிளாக்கில் வாழ்க்கை முறையே வேறாகிவிட்டது. சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் எல்லோரும் எழுந்து வீட்டைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் தொட்டார்கள், பரண்மேல் இருக்கிற அண்டாவைத் தொட்டார்கள், செத்துப்போனவரின் மூக்குக்கண்ணாடியைத் தொட்டார்கள், படிக்காத புத்தகத்தைத் தொடப்போய் இரண்டு பக்கம் படித்தார்கள், தொடாத தையல் மெஷினைத் தொடப்போய் ஒரு தலையணை உறை தைத்தார்கள். படியில் பார்த்துக்கொண்டால் சாப்பிட்டாச்சா என்று கேட்பது போய், "தொட்டாச்சுங்களா?" என்று கேட்க ஆரம்பித்தோம். முதல் மாடித் தம்பதி வீட்டில் கட்டிலின் ஒரு பக்கத் தலையணையில் முளைத்திருந்ததாம். அதைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை என்று சொன்னால் பொய்.

என் வீட்டில் மட்டும் ஒரு பொட்டுகூட முளைக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு, "வந்து பாருங்க, வீடு எப்படி வெச்சிருக்கேன்னு" என்று காட்டினேன். மற்ற வீடுகளில் இல்லாமல் என் வீட்டில் மட்டும் தினமும் ஒவ்வொரு சாமானையும் எடுத்துத் துடைத்து வைத்தது காளீஸ்வரியின் கை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் இந்தக் கதை நகராது. என் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற பால்கனியில், ஜன்னல் விளிம்பில், காளீஸ்வரிக்கென்று ஒரு தனி எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அவள் அதை நீட்டுவாள், நான் மேலேயிருந்து டீயை ஊற்றுவேன். பதினொரு வீட்டிலும் அப்படித்தான், பதினொரு ஜன்னல் விளிம்பிலும் பதினொரு டம்ளர். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும், சாதி என்கிற வார்த்தையை மட்டும் நாங்கள் வாயில் எடுக்க மாட்டோம், அவ்வளவு நாகரிகம். குழந்தைவேலு ஒருத்தன் வீட்டில்தான் தனி டம்ளர் கிடையாது, அவனிடம் இருந்ததே மூன்று டம்ளர், கையில் எது வருகிறதோ அதில் குடிப்பார்கள். நான் அப்படியெல்லாம் பார்க்கிறவள் இல்லை என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், மகள் படிப்புக்கு ஆளைப் பிடித்துக் கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்தேன், டம்ளர் மட்டும் ஜன்னலில் இருந்தது.

கார்த்திகை மாதம் காளீஸ்வரியின் மகள் வினோதினிக்கு வேடசந்தூரில் பிரசவம். "ஒம்பது நாளுங்கம்மா, பத்தாம் நாள் காலையில வந்து நின்னுருவேன். மீனுக்கு மட்டும் தண்ணி ஊத்தோணும், பொட்டு வரைக்கும்" என்றாள். குழந்தைவேலுவும் அதே வாரம் இரண்டு பஸ்ஸை ஒப்படைக்க நாகர்கோவில் போக வேண்டியிருந்தது. "போயிட்டு வா காளி, நானாச்சு" என்றேன். முந்நூறு பிள்ளைகளைப் பார்த்தவளுக்கு இரண்டு மீனைப் பார்க்கத் தெரியாதா.

முதல் நாளே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கடல் மீனுக்குப் போய் யாராவது நல்ல தண்ணீரை ஊற்றுவார்களா? வாய் வார்த்தையில் ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, டிரம்மில் கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். இரண்டாம் நாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் சப்பென்று இருப்பதுபோல் பட்டது, வீட்டிலிருந்து ஒரு கை கல்லுப்பு கொண்டுவந்து கரைத்துவிட்டேன். கைப்பதம் என்று ஒன்று இருக்கிறதே. மூன்றாம் நாளும் ஒரு கை, நாலாம் நாளும் ஒரு கை. ஐந்தாம் நாள், தொட்டிக்குள் கிளைவிட்டிருந்த பவளம் எல்லாம் வாயை மூடிக்கொண்டது. சத்து போதவில்லை போலிருக்கிறது என்று இரண்டு கை போட்டேன்.

இந்தப் பக்கம் என் வீட்டிலும் நான் சும்மா இருக்கவில்லை. காளீஸ்வரி இல்லாத ஒன்பது நாளும் ஒன்றும் முளைத்துவிடக் கூடாது என்று, சத்துணவுக் கூடத்தில் சாமான் பட்டியல் எழுதின பழக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு, நானூற்றுப் பன்னிரண்டு பொருளை எழுதி, தினமும் ஒவ்வொன்றாகத் தொட்டு டிக் அடித்தேன். ஏழாம் நாள் காலையில் பால்கனிக்குப் போனேன். ஜன்னல் விளிம்பில் காளீஸ்வரியின் டம்ளரில் பவளம் முளைத்திருந்தது. ஊதாவும் இல்லை, பச்சையும் இல்லை, நல்ல சிவப்பு, காதில் போடுகிற பவளத்தின் சிவப்பு, டம்ளரின் வெளிப்பக்கம் முழுக்க மூடி, விளிம்பைத் தாண்டிக் கிளை விட்டிருந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு பொருளில் அந்த டம்ளரை நான் எழுதவே இல்லை. கண்ணில் படவில்லை என்று சொல்ல முடியாது, தினமும் பட்டது. மூன்றாம் நாள் அந்த விளிம்பை ஈரத்துணியால் துடைத்தேன், டம்ளரைச் சுற்றி வட்டமாகத் துடைத்தேன், அதைத் தூக்கவில்லை. அப்போது அது எனக்குத் தெரியவில்லை, என் கை தானாக வளைந்து போயிற்று. அன்றைக்கு அந்தப் பால்கனியில் நின்றுகொண்டு என் கையையே பார்த்தேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது, காளி வந்து இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள், இனி என் கதவைத் தட்டுவாளா என்று.

கதவைத் திறந்தால் படியில் யாரும் "தொட்டாச்சுங்களா" என்று கேட்கவில்லை. பதினொரு வீட்டிலும் அதே காலையில் அதே சிவப்பு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மதியம் படிக்கட்டுத் திருப்பத்தில் கூடினோம், நல்லதம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்தப் பொம்பளை வர்றதுக்குள்ள அதையெல்லாம் எடுத்துட்டு, புதுசா பதினோரு டம்ளர் வாங்கி வெச்சர்லாம். தெரிய வேண்டாம்" என்றார். நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினோம், நானும் ஆட்டினேன். தனி டம்ளரே வேண்டாம் என்று அந்தப் பதினொரு வாயில் ஒன்றுகூடச் சொல்லவில்லை என்பது இப்போது நினைத்தால்தான் உறைக்கிறது, அன்றைக்குப் புதுசு பளபளப்பாக இருக்க வேண்டும் என்பதில்தான் எங்கள் கவனம் எல்லாம் இருந்தது.

பழையதை எடுக்க யாரும் கை வைக்கவில்லை. ஒருவர் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டார், ஒருவர் முறத்தில் தள்ளினார். நான் அடுப்பங்கரை இடுக்கியை எடுத்துக்கொண்டு வந்தேன், என் கல்யாணச் சீரில் வந்தது, பிடியில் தெய்வானை என்று பெயர் வெட்டியிருக்கும். பதினொன்றையும் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தோம். அவசரத்தில் இடுக்கியை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் மீன் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு விட்டன. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. குழந்தைவேலுவுக்குப் போன் போட்டால், "காளீஸ்வரிக்குப் பண்ணுங்க்கா, அவங்களுக்குத்தான் தெரியும்" என்றான். பண்ணினேன். பேத்தி பிறந்து ஆறு நாள் ஆகியிருந்தது, போனில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"நல்ல தண்ணிதானுங்களேம்மா ஊத்துனீங்க?" என்று கேட்டாள். "டிரம்முல இருந்ததை..." என்று இழுத்தேன்.

"அய்யோ சாமி" என்றாள். "ஒண்ணும் பண்ணாதீங்க. காலையில முதல் பஸ்ஸுக்கு வந்தர்றேன்."

பத்தாம் நாள் காலையில் பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராக எதிர்வீட்டுக்குப் போனாள், சாவி என்னிடம்தான் இருந்தது, பின்னாலேயே ஓடினேன். விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள். "வெயிலுக்குத் தண்ணிதானுங்கம்மா போகுது, உப்பு போறதில்லீங்க. அது எங்கியும் போகாம உள்ளயேதான் கெடக்குது. நீங்க அதுக்கு மேல ஊத்தியிருக்கறீங்க." இரண்டு மக் தண்ணீரை வெளியே எடுத்தாள், இரண்டு மக் நல்ல தண்ணீரை ஒரு சின்னக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். நான் அவசரப்பட்டு ஒரு குடத்தைத் தூக்கினேன், கையைக் காட்டி நிறுத்தினாள். "ஒரேயடியா ஊத்துனா செத்துப்போயிரும். ஏறுனது பத்து நாளா ஏறுச்சு, எறங்கறதும் மெல்லத்தான் எறங்கோணும். மணிக்கு ரெண்டு மக்கு, மூணு நாளைக்கு."

"நான் பண்றேன் காளி, நான் ஊத்தறேன்" என்றேன். அவள் காலி டிரம் ஒன்று வேண்டும் என்று மொட்டைமாடிக்குப் போனாள். போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொன்னால் ஏன் என்று கேட்பாளே.

இறங்கி வருகிற சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. வந்தபோது பதினொரு டம்ளரும் அவள் முந்தானையில் இருந்தன, சிவப்புக் கிளைகள் சேலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, கையில் ரத்தக் கீறல். இன்னொரு கையில் என் இடுக்கி. அதைக் கொண்டுவந்து என் வீட்டு நிலைப்படியில் வைத்தாள்.

"உங்களதுங்கம்மா, பேர் போட்டிருக்குது" என்றாள். அப்புறம், "இதுலயா எடுத்தீங்க?" என்றாள்.

"குத்துதேன்னு காளி..."

"முளைக்கறதுக்கு முன்னால ஏழு நாளு குத்தலீங்களேம்மா."

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு வராததா. அவள் கத்தவில்லை. எதிர்வீட்டுக்குள் போய், டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தொட்டித் தண்ணீரில் இறக்கி, கல் இடுக்கில் சாய்த்து, விழாமல் அழுத்தி வைத்தாள். "உயிரு இருக்குது. வெயில்ல காஞ்சு சாகட்டும்னு எப்பிடி உடறது" என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், என்னிடம் சொன்னாளா என்று தெரியவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இனிமே உள்ளே வந்து உக்காந்து குடி காளி, எங்க டம்ளர்லயே குடி, நான் இப்பவே டீ வெக்கிறேன்" என்றேன். அப்படிச் சொல்லும்போதே நான் ஏதோ பெரிதாகக் கொடுக்கிறேன் என்கிற நினைப்பு எனக்குள் இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

"இப்ப எனக்குத் தாகமில்லீங்கம்மா" என்றாள். "வீட்டு வேலைக்கு இனி வரலீங்க. உங்க வீட்டுக்குன்னு இல்லை, எந்த வீட்டுக்கும். மீனுக்கு மட்டும் வாறேன்."

மீன் பிழைத்துக்கொண்டது. மூன்று நாள் மணிக்கு இரண்டு மக் வீதம் ஊற்றினாள், நாலாம் நாள் பவளம் வாய் திறந்தது. அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்குப் படியில் அவள் காலடி கேட்கும், என் கதவு வரைக்கும் வரும், எதிர்க்கதவு திறக்கும். நான் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். இருபத்தோரு வருடம் அவள் என் வீட்டுக்குள் நடந்த சத்தம் என் காதில் அப்படியே இருந்தது, அது இல்லாமல் காலை நேரம் எனக்குப் பெரிய பாடாகிவிட்டது.

நாங்கள் வாங்கிவைத்த பதினொரு புது டம்ளர்களையும் யாரும் தொடவில்லை, எட்டாம் நாள் அவற்றிலும் முளைத்தது. சிலர் ஆற்றுப் பாலத்திலிருந்து எறிந்தார்கள். முதல் மாடித் தம்பதி அதைக் கையால் எடுத்துக் கழுவி, தங்கள் டம்ளர்களோடு அடுக்கிவிட்டார்களாம், மறுநாள் பவளம் உதிர்ந்துபோயிற்றாம். நானும் என்னுடையதை உள்ளே கொண்டுவந்து அதில் காப்பி குடிக்க ஆரம்பித்தேன். அதனால் நான் நல்லவளாகிவிட்டேன் என்று சொல்லவில்லை. குடிப்பதற்கு முதல் நாள் ஒரு நிமிஷம் யோசித்தேன், யாரும் வாய் வைக்காத புது டம்ளருக்கே யோசித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தை பிறந்ததும் ஒரு காலை, கதவைத் திறந்துகொண்டு எதிர்வீட்டுக்குப் போய் நின்றேன். காளீஸ்வரி திரும்பிப் பார்த்துவிட்டு, குடத்தைத் தூக்கி என் கையில் கொடுத்தாள், "பொட்டு வரைக்கும்" என்றாள். அவ்வளவுதான். அதிலிருந்து தினமும் நான் குடம் பிடிக்கிறேன், அவள் கண்ணாடியில் படிந்த பாசியை வழிக்கிறாள், நுரைக் குழாயைக் கழட்டிக் கழுவுகிறாள், கருவியைக் காட்டி உப்பை எப்படிப் படிப்பது என்று சொல்லித் தருகிறாள். மீனைப் பற்றிப் பேசுவோம், வேறொன்றும் பேச மாட்டாள்.

தொட்டியைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். பவளத்துக்கு நடுவில் சிவப்பாகக் கிளைவிட்டு நிற்கிற பதினொரு டம்ளர்களைப் பார்த்துவிட்டு, இது எதுக்குங்க என்று கேட்பார்கள். நல்லதம்பி அழகுக்கு என்பார். மற்றவர்கள் செல்போனைப் பார்ப்பார்கள். டம்ளர்களில் வெட்டியிருந்த வீட்டுக்காரர் பெயரெல்லாம் பவளத்துக்குள் போய்விட்டது, எது யார் வீட்டுடையது என்று இனிமேல் யாருக்கும் தெரியாது என்பதில் எங்களுக்கு ஓர் ஆறுதல். எனக்குத் தெரியும், என் வீட்டு டம்ளரின் அடியில் ஒரு நசுங்கல் உண்டு, அது இடது ஓரத்தில் கல்லோடு ஒட்டிச் சாய்ந்திருந்தது. கேட்கிறவர்களிடம் தெரியலீங்க என்றே நானும் சொல்லிவந்தேன்.

சித்திரையில் வினோதினி வந்தாள், இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. காளீஸ்வரி அப்போது சமையலறையில் உப்புக் கரைத்துக்கொண்டிருந்தாள், குழந்தைவேலு பட்டறைக்குப் போயிருந்தான், தொட்டிக்கு முன்னால் நானும் அவளும்தான். குழந்தை மீனைப் பார்த்துக் கையை ஆட்டியது. வினோதினி மீனைப் பார்க்கவில்லை, டம்ளர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"எங்கம்மா காலையில முதல் டீ உங்க வீட்டுலதானுங்களே குடிப்பாங்க" என்றாள். "இதுல உங்க வீட்டுது எதுங்க?"

தெரியலைம்மா என்று சொல்ல வாய் வந்தது, பழகின வாய். சமையலறையில் உப்புக் கலக்குகிற சத்தம் நின்றுபோனது. நான் கையை நீட்டி, கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினேன்.

"அது, கண்ணு. அந்த இடது ஓரத்துல, அடி நசுங்கினது. அதுதான் எங்க வீட்டுது. இருபத்தோரு வருசம் அதுலதான் ஊத்துனேன்."

அவள் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு குனிந்தாள். கண்ணாடிக்கு அருகில் முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றுதான் நின்றேன்.

"ரொம்பச் சின்னதா இருக்குதுங்களே" என்றாள்.

"ஆமா கண்ணு" என்றேன். "சின்னதுதான்."